நாலு கம்பி

பெக்கோக்கில் பேஸ் கிட்டார் கம்பி விற்கிற கடை எனக்குத் தெரிந்து இருந்ததே இல்லை. பள்ளிக்கூடச் சாமான் விற்ற சீனர் கடையில் சாதாரண கிட்டார் கம்பி எப்போதாவது ஒரு செட் தொங்கும். பேஸ் கம்பி வேண்டுமென்றால் குளுவாங்குக்கு ரயில் ஏற வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் ஜொகூர் பாரு. அதனால் எங்கள் காலத்தில் பேஸ் கம்பியை யாரும் மாற்றியதில்லை. அறுந்தால்தான் மாற்றுவது, அது லேசில் அறுவதுமில்லை. 1980களின் கடைசியில் லாபிஸில் குகிரான் என்கிற கிட்டார் இசைக்குழு ஒன்றில் வாசித்த மலாய்க்காரரிடம் நான் பழைய பேஸ் ஒன்றை வாங்கியபோது, அதிலிருந்த கம்பிகள் எப்போது போட்டவை என்று அவருக்கே தெரியவில்லை. கறுத்துப்போய்க் கிடந்தன. தொட்டால் விரலில் துரு ஒட்டும். அதே கம்பிகளோடுதான் பல வருஷம் கோயில் கோயிலாக வாசித்தேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில், ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையில் ரயில் நிற்கிற சின்ன ஊர் இது. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் வாசலுக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும், பந்தாங் அருவிக்கும் இதே பாதைதான். வார இறுதியில் வெளியூர்க் கார்கள் கடைத்தெருவில் நின்று ரொட்டி, ஐஸ் கட்டி, பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடும். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. என் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில்.

பேஸ் வாசிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டு வந்தவனில்லை நான். தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து இசைக்குழு ஆரம்பித்தபோது கீபோர்டுக்கு கிராணி மகன் இருந்தார். எங்களைவிட மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். டிரம்ஸுக்கு ஒருவன், பாட ஒருவன். லீட் கிட்டாருக்கு மட்டும் போட்டி. அதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அண்ணன் என் கப்போக் கிட்டாரை வாங்கி, மெல்லிய கம்பி இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, “இந்தா, இதான் பேஸு. வாசி” என்றார். அது ஏமாற்றில்லை. கிட்டாரின் தடித்த நாலு கம்பியும் பேஸின் நாலு கம்பியும் ஒரே ஸ்வரங்கள்தான்: இ, ஏ, டி, ஜி. பேஸ் ஒரு ஸ்தாயி கீழே பேசும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லாபிஸிலிருந்து நிஜ பேஸ் வந்தபோது அதன் நீளம் மலைக்க வைத்தது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு அவர் வைத்த கம்பி நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. ஆளுயர டபுள் பேஸைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்த வாத்தியக்காரர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்திருக்கும். பதினாறு வயசுப் பையனின் இடது கைக்கு அது ஒரு தண்டனை. முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது ஃபிரெட்டுக்கு விரலை விரித்தால் மணிக்கட்டு வரைக்கும் வலிக்கும்.

திருவிழாவுக்கு வாசிப்போம், கல்யாணத்துக்கு வாசிப்போம். அம்மன் பாட்டு நாலைந்து, பிறகு எம்ஜிஆர், பிறகு இளையராஜா. மலாய்க்காரர் வீட்டு கெண்டூரி விருந்துக்கு அழைத்தால் அலிகேட்ஸ் பாட்டு கட்டாயம். பினாங்கிலிருந்து வந்த அந்தக் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாட்டில் நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர்கள். அவர்கள் பாட்டை வாசிக்கும்போது எங்கள் குழுவில் எல்லோருக்கும் முதுகு தானாக நிமிரும். ராத்திரி ஏறினால் ஜோகெட் கேட்பார்கள். இரண்டும் மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகிற தாளம் அது. அண்ணனுக்கு அது பிடிக்காது. “சீக்கிரம் முடிச்சுட்டு சாப்பிடப் போலாம்” என்பார்.

பேஸுக்கு அண்ணன் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். “கார்டோட மொத ஸ்வரத்தப் பிடி. மத்தத நாங்க பாத்துக்கிறோம்.” சி கார்டா, சி. ஜி கார்டா, ஜி. டிரம்ஸில் கிக் விழும் இடத்தில் என் விரலும் விழ வேண்டும். குழுவுக்கு அது போதும். மேடைக்கு முன்னால் ஆடுகிறவர்களுக்கும் அது போதும். நான் வாசிப்பதை நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் வேறு என்னவோ செய்கிறது என்பது அப்போதே தெரியும். என்ன செய்கிறது என்றுதான் பிடிபடாது. வீட்டில் ஒரு கேசட் ரேடியோ. அதில்தான் ஆர்டிஎம் தமிழ் ஒலிபரப்பும், அதில்தான் கேசட்டும். பேஸின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வினாடிக்கு 41 அதிர்வு. உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அதைத் தள்ள முடியாது. மேலே வருகிற கிளை ஒலிகள் மட்டும் கேட்கும், மீதியைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். ரேடியோவை மர அலமாரிக்குள் வைத்து, கதவை ஒருக்களித்துக் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ரீவைண்ட் செய்து செய்து நாடா நைந்துபோகும். கடைசியில் நாலு ஸ்வரம் தேறும், நடுவில் இருப்பது ஓடிவிடும். அண்ணனோ, “அதெல்லாம் ஸ்டுடியோ வேல. நீ மொத ஸ்வரத்தப் பிடி” என்பார்.

குழு கலைந்ததற்குச் சண்டை காரணமில்லை. தொண்ணூறுகளில் தாளமும் பேஸும் தானாகப் போட்டுக்கொள்ளும் கீபோர்டுகள் வந்தன. இடது கையால் ஒரு கார்டை அழுத்தினால் போதும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஓடும். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஐந்து பேருக்குச் சாப்பாடும் சம்பளமும் கொடுப்பதற்குப் பதில் இரண்டு பேர் போதுமென்று ஆனது. பிறகு மைனஸ் ஒன், பிறகு கரோக்கே. அதே வருஷங்களில் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. நான் ஜொகூர் பாருவுக்குப் போய், பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஆலை வேலை பார்த்தேன். விடியுமுன் மோட்டாரில் கிளம்பி இருட்டியபின் திரும்புகிற வாழ்க்கை. கல்யாணம், பிள்ளைகள். பேஸ் அம்மா வீட்டில், பீரோ மேல் துணியுறைக்குள் கிடந்தது. இருபது வருஷத்துக்கும் மேல்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாலத்தில் போக்குவரத்து நின்றது. சிங்கப்பூரிலேயே தங்கி வேலை செய்வதா, இந்தப் பக்கம் நிற்பதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ராத்திரியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அம்மா தனியாக இருந்தார். நான் பெக்கோக் வந்துவிட்டேன். வேலை இல்லை, வெளியே போக முடியாது, கடைத்தெருவுக்கு வீட்டுக்கு ஒருவர். கொஞ்ச நாள் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் சொன்னார்: “ஏன்யா, பீரோ மேல ஒன் சாமான் ஒண்ணு கெடக்குதே, அத எறக்கிப் பாரேன். பல்லி குஞ்சு பொரிச்சிருக்கும்.”

பல்லி இல்லை. பூஞ்சை இருந்தது. இந்த ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் தங்கும். தோலும் துணியும் மரமும் தப்பாது. வார் பச்சை பூத்திருந்தது. கழுத்து முன்பக்கமாக வளைந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை அறுகோணச் சாவியால் கால் சுற்று முறுக்கி, ஒரு நாள் விட்டு, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் தண்டு உடையும், கழுத்து போகும். ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரைச்சல். அதற்கு காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு போதும். ஜாக்கில் விட்டுப்போன ஈயப் பற்றை ஆலையில் கற்ற கையாலேயே வைத்தேன்.

கம்பிக்கு என்ன செய்வது? கடையெல்லாம் அடைப்பு. பழைய பேஸ்காரர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு: கம்பியைக் கழற்றி, சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போடுவது. சுற்றுக்கம்பிகளுக்கு இடையில் ஏறிய விரல் எண்ணெயும் அழுக்கும் வெளியே வரும். அம்மாவின் சோற்றுப் பானையில் போட்டேன். தண்ணீர் பழுப்பாகி, வீடு முழுக்க இரும்பு வாடை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ரசம் வைக்கிறியா?” என்று கேட்டார். அந்தப் பானையில் மறுபடி சோறு பொங்கவேயில்லை. வெயிலில் உலர்த்தி மாட்டியதும் கம்பி கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி மணிமணியாகப் பேசியது. துரு ஏறிய இடத்தை மட்டும் வெந்நீரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு இணையத்தில் புதுக் கம்பி வரவழைத்தேன். பெக்கோக் வீட்டு வாசலுக்கே பேஸ் கம்பி வருகிற காலம் என்பதை நினைத்து அன்று ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

விரல்கள் திரும்ப வந்த கதையை நீட்ட வேண்டாம். கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. பழைய பாட்டுகள் விரலில் தானாக வந்தன. வந்து என்ன? சி, சி, ஜி, ஜி. டிரம்ஸும் கீபோர்டும் இல்லாத வீட்டில் அதைத் தனியாக வாசித்துக் கேட்டால் பத்து நிமிஷத்தில் எனக்கே சலித்தது. முன்பு இந்த ஸ்வரங்களுக்கு மேலே நாலு பேர் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தார்கள். இப்போது அடித்தளம் மட்டும் கிடக்கிறது, வீடு இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் வாங்கித் தந்த காதுக்கருவியில் பழைய பாட்டுகளை மறுபடி கேட்டேன். ‘நிழல்கள்’ (1980), ‘மௌன ராகம்’ (1986) பாட்டுகளை அலமாரிக்குள் ரேடியோவை வைத்துக் கேட்டவனுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பேஸ் முழுக்க முழுக்கத் தெரிகிறது. பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் அது பேசுகிறது, பாடகர் இழுக்கிற இடத்தில் எதிர்த்திசையில் நடக்கிறது. பல்லவியில் ஒரு வழி போய், சரணத்தில் வேறு வழி போகிறது. பாட்டின் குரலை மறைத்துவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்தாலும் அது இன்னொரு பாட்டாக நிற்கிறது. இளையராஜா தாமே கிட்டார்காரர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்னால் ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் இருந்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரக்குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். அவரிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். நான் வருஷக்கணக்காகக் கேட்ட கைகள் அவருடையவை. வாங்கிய எந்தக் கேசட் அட்டையிலும் அந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. ரஹ்மானின் பாட்டுகளில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயர் பிறகு பரவலாகத் தெரிய வந்தது. காலம் கொஞ்சம் மாறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் இசைத்தட்டு உறையில் வர 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தவர் அவர். கம்பியை மாற்றவே மாட்டார், அழுக்கில்தான் ஒலி இருக்கிறது என்பது அவர் கட்சி. இதைப் படித்த அன்று லாபிஸ் குகிரான்காரர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஜேமர்சன் பேஸின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்திருந்தாராம், ஒலி நீளாமல் ‘தும்’மென்று நிற்பதற்காக. நானும் வைத்துப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை அம்மா ஒரு வாரம் தேடினார்.

கேட்டதிலிருந்து கற்ற விஷயங்களில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். சி கார்டிலிருந்து ஜி வழியாக ஏ மைனருக்குப் போகிற பாதை சினிமாப் பாட்டில் நூறு இடத்தில் வரும். அண்ணன் சட்டப்படி பேஸ் சி, ஜி, ஏ என்று தாவ வேண்டும். நடுவில் ஜி கார்டு வரும்போது ஜி-யை விட்டுவிட்டு அதே கார்டின் மூன்றாம் ஸ்வரமான பி-யைப் பிடித்தால் என்ன ஆகும்? பேஸ் சி, பி, ஏ என்று படிப்படியாக இறங்கும். மேலே கீபோர்டுகாரர் ஒரு விரலைக்கூட மாற்றவில்லை. பாடுகிறவரும் மாற்றவில்லை. ஆனால் பாட்டின் முகம் மாறிவிடுகிறது. என்னவோ ஒரு ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீழே இருப்பவன் ஒரு ஸ்வரம் நகர்ந்தால் மேலே இருக்கிற எல்லோருக்கும் பொருள் மாறுகிறது என்பது எனக்கு ஐம்பது வயசில் தெரிந்தது. தெரிந்த பிறகு கொஞ்ச நாள் எல்லாப் பாட்டிலும் மூன்றாம் ஸ்வரத்தைப் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பாட்டும் அழ ஆரம்பித்தது. கும்மிப் பாட்டு அழுவதைக் கேட்ட அம்மா, “இது எழவு வீட்டுப் பாட்டாய்யா?” என்றார். பிறகு குறைத்துக்கொண்டேன்.

கோயிலில் தேவார வகுப்பு நடத்துகிற டீச்சர் இன்னொரு கதவைத் திறந்துவிட்டார். வகுப்புக்குப் பிள்ளைகள் வர முடியாத காலம். போனில் தம்புரா ஸ்ருதி போடுகிற செயலி ஒன்றை எனக்கு அனுப்பி, அதைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள் என்றார். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களைச் சொன்னார். வாசித்தால் கைக்கு எல்லாம் பழகிய இடம். கிட்டார் படிக்கிற எவனும் முதல் மாதத்தில் கற்கிற மேஜர் பெண்டாடானிக். “இப்ப ஸ்வரத்த மாத்தாதீங்க. ஸ்ருதிய மட்டும் மாத்துங்க” என்றார். தம்புராவைத் தைவதத்துக்கு மாற்றிவிட்டு அதே ஐந்து ஸ்வரத்தை வாசித்தால் சுத்த தன்யாசி. ரிஷபத்துக்கு மாற்றினால் மத்தியமாவதி. காந்தாரத்துக்கு மாற்றினால் ஹிந்தோளம். பஞ்சமத்துக்கு மாற்றினால் சுத்த சாவேரி. கை அதே ஃபிரெட்டுகளில்தான் இருக்கிறது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு கிரக பேதம் பாலபாடம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ‘மைனர் பெண்டாடானிக் பெட்டி’ என்று எவனோ வரைந்து கொடுத்த கட்டத்துக்குள் இத்தனை நாள் சுத்த தன்யாசி உட்கார்ந்திருக்கிறது. ராகம் என்று தெரிந்த பிறகு அதை ஏணியில் ஏறி இறங்குகிற மாதிரி வாசிக்க மனசு வரவில்லை. எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டு ஓட வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். டீச்சர் கமகம் வேண்டும் என்பார். பேஸில் ஃபிரெட் இருக்கிறது, கம்பி தடி, ஓரளவுக்குத்தான் வளையும். ஆனால் ஒரு ஃபிரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு விரலை அழுத்தியபடி வழுக்கிக்கொண்டு போனால் கமகத்தின் ஒரு கால்பங்கு கிடைக்கும்.

அந்த வழுக்கலை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது பேஸ் வாசிக்கிற யாருமில்லை. அக்கா மகன். யோங் பெங்கில் உறுமி மேளக் குழு ஒன்றில் இருந்தான். மலேசியாவில் தைப்பூசமோ தீமிதியோ பார்த்தவர்களுக்கு உறுமி மேளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பையன்களுக்கு அது படிப்பு, சங்கம், சண்டை, சமாதானம் எல்லாம். கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்து மாவட்டம் விட்டு மாவட்டம் வரலாம் என்று ஆனதும், உறுமியைத் தூக்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்கு வந்தான். கோயிலில் வாசிப்பு இல்லை, கை அரிக்கிறது என்றான்.

உறுமி நடு ஒடுங்கிய வாத்தியம், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தில்தான் விஷயம். வளைந்த குச்சி ஒன்றைத் தோலில் அழுத்தி உரசுவார்கள். அழுத்தம் கூடினால் ஒலி ஏறும், குறைந்தால் இறங்கும். அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த உறுமலுக்குத்தான் சாமி வருவது. போர்ட்டிகோவில் உட்கார்ந்து அவன் ஆரம்பித்தான், திஸ்ர நடை. நான் ஆம்ப்பைப் போட்டு, அவன் அடி விழும் இடமெல்லாம் பார்த்து, பழைய வழக்கப்படி இ கம்பியில் கெட்டியாகப் பிடித்தேன். சகிக்கவில்லை. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கிறது, சேர்ந்தால் சேறு. அவனும் நிறுத்தினான்.

“மாமா, நான் பேசறப்ப நீங்களும் பேசறீங்க. யாருக்கும் ஒண்ணும் வெளங்கல.”

“பேஸுன்னா தொடர்ந்து இருக்கணும்டா.”

“இங்க நாந்தான் மாமா பேஸு.”

பதினெட்டு வயசுப் பையன். முறைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. தோட்டத்தில் மின்சாரம் இல்லாத காலத்திலேயே எங்கள் கோயிலில் தாழ்ந்த ஒலி என்ற ஒன்று இருந்தது. அது இந்த உறுமியின் இடது தோலிலிருந்து வந்தது. ஆம்ப்பும் நாலு கம்பியும் பின்னால் வந்த விருந்தாளிகள். அவன் ஒலி ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான் ஒரே ஸ்வரத்தில் நின்றால் ஒவ்வொரு ஏற்றத்திலும் மோதும்.

முதலில் அவன் உரசும்போது நான் வாயை மூடிக்கொண்டேன். வாசிக்காமல் இருப்பதற்கும் வேலை இருக்கிறது. இடது கையைக் கம்பி மேல் படுக்க வைத்து ஒலியை அடக்க வேண்டும், இல்லையென்றால் ஆம்ப் தானாக முனகும். பிறகு அவன் உரசி முடிக்கிற இடத்தில் அவன் ஒலி எங்கே நிற்கிறது என்று தேடிப் பிடித்து, அங்கிருந்து கம்பியில் வழுக்கி மேலே போனேன். அவன் தலையை ஆட்டினான். அடுத்த சுற்றில் அவன் இறங்கினான், நான் ஏறினேன். அதற்கும் அடுத்த சுற்றில் கீழ்க் கம்பிகளை அவனுக்கே விட்டுவிட்டு, டி, ஜி கம்பிகளில் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே போய், டீச்சர் சொன்ன மத்தியமாவதியில் நாலு ஸ்வரத்தை வைத்துச் சின்னதாக ஒரு சங்கதி போட்டேன். முப்பது வருஷமாக அந்தப் பக்கம் என் விரல் போனதே இல்லை. அந்த ஃபிரெட்டுகள் தேயாமல், கடையில் வைத்த மாதிரி பளபளவென்று இருந்தன. பேஸ் வாத்தியத்தில் பேஸ் வாசிக்காமல் இருந்தது அன்றுதான். அதற்குப் பிறகு அம்மா காப்பி கொண்டுவந்து வைத்ததும் ஆறியதும் எங்களுக்குத் தெரியாது.

அதன்பிறகு எந்தப் பாட்டுக்கு உட்கார்ந்தாலும் முதலில் பேஸைத் தொடுவதில்லை. பாட்டைப் போட்டுவிட்டு, எனக்கு என்ன வேண்டுமென்று வாயால் பாடிப் பார்ப்பேன். வாயால் பாடினால் மூச்சு வாங்க வேண்டியிருக்கும், அதனால் இடைவெளி தானாக வரும். கையை மட்டும் விட்டால் அது பழகிய தடத்திலேயே ஓடும், மூச்சும் வாங்காது. சில நாள் ஒரே கம்பியில் மட்டும் வாசிப்பது என்று வைத்துக்கொள்வேன். கட்டம், பெட்டி எதுவும் உதவாது. நீளவாக்கில் நடக்க வேண்டும், எங்கே போகிறோம் என்று காதுதான் சொல்ல வேண்டும். குரல் கரகரக்கிறது, பக்கத்து வீட்டில் கேட்கும் என்ற கூச்சமெல்லாம் கட்டுப்பாட்டுக் காலத்தோடு போய்விட்டது.

2022 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கி, கோயில்களில் மறுபடி திருவிழா எடுத்தார்கள். ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலிலும் எடுத்தார்கள். மருமகன் குழுவில் நான்கு உறுமி, தவில், பம்பை, ஓரத்தில் ஸ்டூல் போட்டு நான். ஒலிபெருக்கிக்காரர் பேஸுக்கென்று தனியாக ஒரு ஒயர் இழுக்க மனசில்லாமல், “உறுமி மேளத்துக்கு எதுக்குண்ணே கிட்டாரு?” என்றார். கடைசியில் கொடுத்தார். முதல் பாட்டில் ஒன்றும் செய்யவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு உறுமி சேர்ந்து உரசினால் நெஞ்சுக்கூடு அதிரும். அங்கே பேஸுக்கு இடம் தேடுவது போர்ட்டிகோவில் தேடியது மாதிரி சுலபமில்லை. இரண்டாவது பாட்டில் பம்பை ஓய்கிற ஒரு இடைவெளி கிடைத்தது, அதில் நுழைந்தேன். மூன்றாவதில் பையன்களே எனக்கு இடைவெளி விட்டார்கள்.

அண்ணன் வந்திருந்தார். கிராணி மகன், இப்போது தலை முழுக்க நரைத்து, பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு. சிகாமட்டில் இருக்கிறார். முடிந்ததும் நேராக வந்தார்.

“என்னடா, மொத ஸ்வரத்தையே காணோம்?”

“பசங்க வெச்சிருக்காங்கண்ணே.”

கொஞ்ச நேரம் என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, விரல் நுனிகளை அமுக்கிப் பார்த்தார். “எனக்கு அந்த வளஞ்சு வளஞ்சு போறத சொல்லிக் குடு. கீபோர்டுல ஒரு சக்கரம் இருக்கு, ஒரு நாளும் அதத் தொட்டதில்ல” என்றார். பிட்ச் பெண்ட் சக்கரத்தைச் சொல்கிறார். முப்பது வருஷம் கல்யாணத்துக்கு வாசித்தவர்.

இப்போது சனிக்கிழமைகளில் அண்ணன் தம் கீபோர்டைக் காரில் போட்டுக்கொண்டு வருகிறார். தானாக ஓடும் தாளத்தை அணைத்துவிட்டுத்தான் உட்கார்கிறார். லாபிஸில் ஒரு மலாய்க் குடும்பத்துக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், ஜோகெட் வேண்டுமாம். மருமகன் உறுமியில் அந்த இரண்டையும் மூன்றையும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டை அவன் எடுத்தால் மூன்றை நான் எடுக்க வேண்டும், நடுப்பாட்டில் மாற்றிக்கொள்ள வேண்டும். அண்ணன் ஜோகெட்டை இப்போதும் சீக்கிரம் முடிக்கத்தான் பார்க்கிறார். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் முடித்துக்கொண்டால் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார். போன வாரம் தெரசா டெங் பாட்டு ஒன்று வாசிக்க முடியுமா என்று கேட்டார். அதில் பேஸ் என்ன செய்கிறது என்று காதுக்கருவியைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இறங்குகிற இடத்தில் மூன்றாம் ஸ்வரம் வருகிறது.